சாமி கதையில் கை வைப்பது எப்படி? தீவாருக்கு ஒரு கையேடு

சுருவிலில் இருந்துகொண்டு கதை எழுத நினைப்பவருக்கு மூலப்பொருள் தட்டுப்பாடு வராது. ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் வேதாகமம். குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவில் இறங்கினால் நாகபூசணி அம்மனின் தலபுராணம், நாகவிகாரையின் மகாவம்சம், சற்றுத் தள்ளிப் பள்ளிவாசலில் குர்ஆன். எங்கும் போகாமல் ஊர்க் கோயில் மண்டபத் தூணில் சாய்ந்திருந்தால் கந்தபுராணம் தானாகக் காதில் விழும். குடிதண்ணீருக்கு மட்டுந்தான் பவுசரைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, எங்கள் பெடியள் இன்னமும் நிலாவைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பதால் இந்தக் கையேடு தேவைப்பட்டது. இதிலுள்ள வழிமுறைகள் எல்லாம் யாரோ ஒருவர் எங்கோ செய்து பார்த்தவை. சிலர் விருது வாங்கினார்கள். சிலர் மறியலுக்குப் போனார்கள். ஒருவர் தான் செத்துப்போனதாகத் தானே அறிவித்தார். அவரவர் பொறுப்பில் பயன்படுத்துக.

எந்த வேதம்?

சொந்தச் சமயத்து நூலை எடுத்தால் சொந்தக்காரர் கோபிப்பார்கள். கலியாண வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். பிறர் சமயத்து நூலை எடுத்தால் பிறர் கோபிப்பார்கள். இரண்டும் வேண்டாமென்று வரலாற்று நாவலுக்குப் போனால் எல்லாப் பகுதியாரும் ஒன்றாக வந்து கோபிப்பார்கள். சமய நல்லிணக்கத்துக்கு இதைவிடச் செலவு குறைந்த வழியை எந்தத் தொண்டு நிறுவனமும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

பிறர் வேதத்தைத் தொட்டால் தீட்டு என்று பயப்படுகிறவர்கள் நல்லூர் ஆறுமுக நாவலரை நினைத்துக்கொள்ளலாம். வாலிப வயதில் அவர் செய்த பெரிய வேலை, பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கியது. அது 1850இல் அச்சாகி வந்தது. 1854இல் அதே நாவலர் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். கோயிலையும் தீபத்தையும் அபிஷேகத்தையும் கேலி செய்த பாதிரிமாருக்கு, எருசலேம் ஆலயத்தில் என்னென்ன நடந்தது என்று அவர்களுடைய பழைய ஏற்பாட்டிலிருந்தே எடுத்துக் காட்டினார். ஆனால் இந்த வழியை நான் சிபாரிசு செய்யவில்லை. இதற்கு எதிராளியின் வேதத்தை எதிராளியைவிட நன்றாக வாசித்திருக்க வேண்டும். வாசிப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் ஆபத்து.

மூலத்தை வாசிக்காதிருத்தல்

இந்தக் கையேட்டில் ஒரேயொரு விதியைத்தான் கடைப்பிடிக்க நேரமிருக்கிறது என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்: மூல நூலைத் திறக்க வேண்டாம். திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் கடலிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன்.

நாகதீபத்துக்குப் புத்தர் வந்த கதை எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். இரண்டு நாக அரசர்கள் ஒரு மணி ஆசனத்துக்காக அடிபட்டார்கள், புத்தர் வந்து விலக்குத் தீர்த்தார். இதை வைத்து ஒரு நவீன கதை எழுதலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. நாக அரசர்களைச் சுருவிலில் ஓர் அம்மானாகவும் மருமகனாகவும் ஆக்குவது. ஆசனத்தைச் சீதனக் காணியாக்குவது. தேசவழமைச் சட்டம் தெரிந்த ஒரு அப்புக்காத்தை உள்ளே விடுவது. இந்தத் துணிச்சலை நினைத்து உங்களுக்கே புல்லரிக்கிறது. சரி, ஒருக்கால் சரிபார்ப்போம் என்று மகாவம்சத்தின் முதலாம் அத்தியாயத்தைத் திறக்கிறீர்கள். அங்கேதான் விழுகிறது அடி.

மகோதரன் அம்மான், சூளோதரன் மருமகன் என்றுதான் அங்கேயும் இருக்கிறது. ஆசனம் தாய்வழிப் பாட்டன் தன் மகளுக்குக் கொடுத்தது. அந்த மகளை வேறொரு மலைநாட்டு நாக அரசனுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் வயிற்றுப் பிள்ளைதான் சூளோதரன். பாட்டன் கண்ணை மூடியதும் சண்டை தொடங்குகிறது. தேசவழமையை ஒல்லாந்த ஆட்சிக்காகக் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்தது 1707இல். மகாநாம தேரர் மகாவம்சத்தை இயற்றியது அதற்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் முந்தி. வழக்கின் விபரம் மட்டும் அப்படியே இருக்கிறது. நீங்கள் புதிதாகச் சேர்க்கக்கூடியது அப்புக்காத்தை மட்டுந்தான்.

தீர்ப்பும் உங்கள் கற்பனைக்கு எட்டாதது. புத்தர் போர்க்களத்துக்கு மேலே ஆகாயத்தில் அமர்ந்து முதலில் இருளைப் பரப்பி இரு படையையும் நடுங்க வைக்கிறார். பிறகு ஒளியைக் கொடுத்து, ஒற்றுமையைப் பற்றிப் போதிக்கிறார். அம்மானும் மருமகனும் ஆசனத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறார்கள். அவர் அதில் இருந்து உணவருந்திவிட்டு அதைத் திருப்பிக் கொடுக்கிறார், கும்பிடுவதற்கு. ஆளவும் முடியாது, விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. இரண்டு பேரும் கும்பிடலாம். கோயில் பரிபாலனசபை வழக்குகளில் தவணைக்குத் தவணை அலைந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமை விளங்கும்.

இதில் இன்னொருவர் வருகிறார். சமித்திசுமனன் என்ற தேவன். வட இந்தியாவில் ஜேதவனத்தில் ஒரு மரத்தில் குடியிருந்தவன், அந்த மரத்தையே பிடுங்கிப் புத்தருக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறான். ஏன் அவன் வரவேண்டும்? முற்பிறப்பில் அவன் நாகதீபத்து மனிதன். ஊரில் செய்த ஒரு சின்னப் புண்ணியத்துக்காக வெளிநாட்டில் போய்த் தேவனாகப் பிறந்திருக்கிறான். மரம் பிறகு நாகதீபத்திலேயே நின்றுவிடுகிறது. 1990இல் தீவுப்பகுதியை இராணுவம் பிடித்தபோது ஓடிப்போய், இன்று சுவிசிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு ஊர்க் கோயிலுக்கு மண்டபம் கட்டிக்கொடுக்கிற ஒருவரைப் பற்றி நீங்கள் உருக்கமாக எழுத நினைத்திருந்தால், அதையும் மகாவம்சம் முடித்துவிட்டது.

மணிமேகலையைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசம். சாத்தனாரிடம் அதே பீடிகை, அதே இரண்டு நாக அரசர்கள், ஆனால் தீவின் பெயர் மணிபல்லவம். பீடிகை இந்திரன் இட்டது. அரசர்களால் அதைத் தூக்கக்கூட முடியவில்லை. தூக்க முடியாத ஒன்றுக்காகத்தான் அடிபடுகிறார்கள். மணிபல்லவம் நயினாதீவுதான் என்று ஒரு சாரார் எழுதினார்கள், இல்லை என்று மறுசாரார் எழுதினார்கள். 1936இல் வல்லிபுரத்தில் ஒரு பொன்னேடு கிடைத்தது. அதில் நாகதீவு என்பது ஒரு சின்னத் தீவாக அல்ல, யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுக்குமான பெயராகத் தெரிகிறது. ஆக, ஆசனம் எந்த மண்ணில் இருந்தது, அது தமிழ்ப் பௌத்தமா சிங்களப் பௌத்தமா, யார் யாருக்குப் பிந்தி வந்தவர் என்று இன்றுவரை எழுதியும் பேசியும் மாய்கிறார்கள். ஆசனச் சண்டையை நிறுத்தவென்று சொல்லப்பட்ட கதையை ஆசனமாக்கி அதற்கு மேல் ஏறி நின்று சண்டை. இதைவிடக் கூர்மையான அங்கதத்தை உங்களால் எழுத முடியுமா? என்னால் முடியாது.

நயினாதீவுக் கரையோரக் கடலில் இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று பாம்பு சுற்றிய கல், மற்றது கருடன் கல். புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறிக்க, நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது, கருடன் மற்றக் கல்லில் குந்திக்கொண்டது. கடலில் வந்த சோழநாட்டு வணிகர் ஒருவர் விலக்குப் பிடிக்கிறார். பதிலுக்கு அம்மனுக்குக் கோயில் கட்ட ஒப்புக்கொள்கிறார். இது சைவர் சொல்லும் கதை, முன்னையது பௌத்தர் சொல்லும் கதை. ஆனால் எலும்புக்கூடு ஒன்றேதான்: உள்ளூரில் இரண்டு பேர் விடாப்பிடியாக நிற்கிறார்கள், வெளியிலிருந்து மூன்றாமவர் ஒருவர் வருகிறார், சண்டை நின்ற இடத்தில் கும்பிடுமிடம் எழும்புகிறது. 2002இல் சமாதானம் பேச வந்த நோர்வேக்காரர் இந்த இரண்டு கதையையும் வாசித்திருப்பார்கள் போலும். கடைசிப் பகுதியை வாசிக்க மறந்துவிட்டார்கள்.

இப்போது விளங்கும் ஏன் மூலத்தைத் திறக்க வேண்டாம் என்று சொன்னேனென்று. வாசித்தவருக்குத் தான் எழுத நினைத்தது உப்புச்சப்பில்லாததாகத் தெரியும். வாசிக்காதவருக்கு அந்தக் கவலை இல்லை. நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் கதையை எதிர்க்கப்போகிறவரும் மூலத்தை வாசித்திருக்க மாட்டார். இரண்டு பேரும் சம பலத்தோடு மோதலாம்.

பெயர் மாற்றுதல்

மூலத்தை வாசிக்காமல் மறுபடைப்புச் செய்ய எளிய வழி பெயர் மாற்றம். இதிகாசத்திலிருந்து ஒரு பெண்ணை எடுங்கள். கடவுச்சீட்டு எடுத்துக் கொடுங்கள். ரொறன்ரோவில் ஒரு மாடி வீட்டு யன்னலருகே நிறுத்திப் பனி கொட்டுவதைப் பார்க்க விடுங்கள். பக்கம் பன்னிரண்டில் அவள் பெயர் சீதா என்று தற்செயலாகத் தெரியவரட்டும். கடைசிப் பந்தியில் அவள் ஏதோ ஒன்றுக்கு மாட்டேன் என்று சொல்லட்டும். முடிந்தது. மாநாட்டுக் கட்டுரைகள் அவர்களாகவே எழுதிக்கொள்வார்கள்.

புதுமைப்பித்தனைப் பார்த்து எழுதப் போகாதீர்கள். 1943இல் அவர் 'சாபவிமோசனம்' எழுதியபோது சம்பவம் எதையும் கட்டவில்லை. அகலிகைக்கு விமோசனம் கொடுத்தவனும் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவனும் ஒரே இராமன். இராமாயணத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே காண்டக் கணக்கில் தூரம். அந்தத் தூரத்தால் யாரும் கவனிப்பதில்லை. அவர் செய்ததெல்லாம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. செய்தி காதில் விழுந்ததும் அகலிகை மீண்டும் கல்லாகிவிடுகிறாள். இராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம் என்று தலைப்பில் ஒரு குறிப்பும் போட்டார். தெரிந்தவர்களுக்குத்தான் இது வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். எம்.வி. வெங்கட்ராமின் 'நித்யகன்னி'யும் இந்த வகைதான். குதிரைகளுக்காக அரசர் அரசராகக் கைமாற்றப்பட்டு, ஒவ்வொரு முறையும் மீண்டும் கன்னியாகிற மாதவியை அவர் மகாபாரதத்திலிருந்து அப்படியே தூக்கி வந்தார். ஜெயமோகனைப் பின்பற்றலாமா என்று கேட்கிறவர்களுக்கு: 'வெண்முரசு' 2014இல் தொடங்கி 2020இல் முடிந்தது, 26 நாவல்கள். உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பெயர் மாற்றத்தில் உலக சாதனை ஒன்று யாழ்ப்பாணத்தில்தான் முடிந்தது. சித்தார்த்தன் அரண்மனையை விட்டுப் போன கதை இந்தியாவிலிருந்து மேற்கே புறப்பட்டு, பாரசீகத்திலும் அரபியிலும் ஜோர்ஜியாவிலும் கிரேக்கத்திலும் ஊர் ஊராகப் பெயரை மாற்றிக்கொண்டு போய், கடைசியில் யோசபாத் என்ற கிறிஸ்தவ அரசகுமாரனின் கதையானது. உரோமைத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் நவம்பர் 27 அவருக்குரிய நாளாக இருந்தது. அந்த யோசபாத்தின் கதையை மிஷனரிமார் திரும்பவும் கிழக்கே கொண்டுவர, தெல்லிப்பழைப் பூலோகசிங்க அருளப்ப நாவலர் அதைத் 'திருச்செல்வர் காவியம்' என்று தமிழ் விருத்தத்தில் பாடினார். நாகதீபத்துக்கு ஆகாய வழியாக வந்து இரு பகுதியாரை இணக்கிய அதே ஆள், இந்த முறை சிலுவையோடு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒரு மறியலும் இல்லை, ஒரு மறிப்புப் போராட்டமும் இல்லை. நீங்கள் சீதையை ரொறன்ரோவுக்கு அனுப்பிவிட்டு மார்தட்டுவதற்கு முன் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

நம்புதல்: கண்டிப்பாகத் தவிர்க்கவும்

தீவகத்திலிருந்து வேதத்தைக் கதைக்குள் கொண்டுவந்தவர்களில் மிகப் பெரியவர் புங்குடுதீவு மு. தளையசிங்கம் (1935 - 1973). அவரை உதாரணமாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் 'கல்கிபுராணம்' என்று நாவலுக்குப் பெயர் வைத்தது அலங்காரத்துக்காக அல்ல. அவதாரம், யுகமாற்றம் என்பவற்றை அவர் உண்மையாகவே எடுத்துக்கொண்டார். சிறுகதை, நாவல், கவிதை என்ற வேலிகள் இனிச் சரிவராது என்று 'மெய்யுள்' என்றொரு புது வடிவத்தையே வகுத்தார். மார்க்சியவாதிகள் அவரை ஆத்மார்த்தி என்று ஒதுக்கினார்கள். ஆத்மார்த்திகள் என்று சொல்லிக்கொண்டவர்களோ அவர் கதைகளில் வருகிற ஆண் பெண் விவகாரங்களைக் கண்டு திருநீற்றை இன்னும் தடிப்பாகப் பூசிக்கொண்டார்கள்.

இதோடு நின்றிருந்தால்கூட இலக்கியச் சந்திப்புகளுக்கு விஷயமாகப் போயிருக்கும். அவர் நிற்கவில்லை. சத்தியத்தைப் பற்றி எழுதுகிறவன் அதைச் செய்தும் பார்க்க வேண்டும் என்ற விசர் யோசனை அவருக்கு இருந்தது. புங்குடுதீவுக் கண்ணகி அம்மன் கோயில் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ள வேண்டும் என்று 1971இல் அவர்களோடு போய் நின்றார். பொலிஸ் அடித்தது. இரண்டு வருடத்தில், நாற்பது வயதைக் காணாமல், செத்துப்போனார். அத்வைதம் படித்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். அந்தப் படிப்பைக் கிணற்றடி வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தவர் அவர்தான்.

அந்தக் கோயிலின் கதையையும் பாருங்கள். கண்ணகி ஒரு காப்பியப் பாத்திரம். இளங்கோ எழுத்தில் சமணத் துறவி ஒருவரோடு மதுரைக்கு நடந்துபோன, வணிகர் வீட்டுப் பெண். அவள் புத்தகத்திலிருந்து இறங்கி ஈழத்துக் கடற்கரையெல்லாம் அம்மனாக அமர்ந்தாள். நாவலருக்கு இது பிடிக்கவில்லை. சமணச் செட்டிச்சியைச் சைவர் கும்பிடுவதா என்று கேட்டார். அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பல கண்ணகிகள் இராஜராஜேஸ்வரிகளானார்கள், புங்குடுதீவிலும். பொங்கலும் நேர்த்தியும் பழையபடிதான். வேதத்திலிருந்து கதை எடுப்பதைப் பற்றி இவ்வளவு பயப்படுகிறோமே, கதையிலிருந்து வேதம் எடுப்பதை எங்கள் ஆச்சிமார் யாரிடமும் கேளாமலே செய்து முடித்திருக்கிறார்கள். ஆகவே பாத்திரங்களை உருவாக்கும்போது கவனம்: எந்தப் பாத்திரத்துக்கு எந்தக் காலத்தில் கொடியேறும் என்று சொல்ல முடியாது.

கோபத்தைச் சமாளித்தல்

முதலில் வெளிநாட்டு முறை. போர்த்துக்கலில் சரமாகோ 1991இல் இயேசுவின் வாழ்க்கையை நாவலாக்கினார். அடுத்த வருடம் அரசாங்கம் அந்த நூலை ஐரோப்பியப் பரிசு ஒன்றுக்குப் போகவிடாமல் மறித்தது. அவர் கோபித்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போய் லன்சரோட்டே என்ற தீவில் குடியேறினார். 1998இல் நொபெல் பரிசு வந்து சேர்ந்தது. இது எங்களுக்கு உதவாது. நாங்கள் ஏற்கெனவே தீவில்தான் இருக்கிறோம்.

தமிழ்நாட்டு முறைகளில் ஒன்று பொறுமை. புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' பாடினார். 1948இல் தடை வந்தது, 1971இல்தான் நீங்கியது. இன்னொன்று, முன்னே சொன்ன மரண அறிவித்தல். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. நாலு வருடம் ஒருவருக்கும் மனம் புண்படவில்லை. 2014 முடிகிற நேரத்தில் திருச்செங்கோட்டில் புண்பட்டது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே எழுதினார். 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் அவரைத் திரும்ப எழுதச் சொன்னது. செத்தவரை எழுப்பும் அற்புதம் வேதாகமத்துக்கு வெளியே நடந்ததற்கு இது ஒரு சான்று.

இலங்கை முறைக்குத் தனியாக ஒரு சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை நாட்டில் நடைமுறைப்படுத்தக் கொண்டுவந்தது. மனித உரிமையைக் காப்பாற்றுவதற்கான அந்தச் சட்டத்தின்கீழ்தான் 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார கைதானார். குற்றம், பிக்குகளைப் பற்றி ஒரு சிறுகதை எழுதியது. நாலு மாதத்துக்கு மேல் மறியலில் இருந்தார், 2021இல் விடுவித்தார்கள். கருத்துச் சுதந்திரத்துக்காக எழுதப்பட்ட சட்டத்தால் கருத்தை உள்ளே போடுவதற்கு ஒருவகை இலக்கியத் திறமை வேண்டும். அரசாங்கத்துக்கு அது இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழில் எழுதினால் விளங்காது, தப்பிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீமை விசாரிக்கலாம். 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் பிடிபட்டவர், ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். வன்முறைக்கு எதிராக எழுதிய வரிகளில் தீவிரவாதத்தைத் தேடினார்கள். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. விளங்காத மொழியில் எழுதுவது எழுத்தாளனுக்குப் பாதுகாப்பு அல்ல. விளங்காதவருக்கு எல்லாமே சந்தேகம்.

உங்கள் போட்டியாளர்

இதுவரை சொன்ன எதுவும் உங்களைத் தடுக்கவில்லை என்றால், கடைசியாக ஒருவரைச் சந்தித்துவிட்டு வாருங்கள். கந்தபுராணப் படிப்பில் பயன் சொல்கிறவர். பண்டிதமணி கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தவரின் வாழ்க்கையையே கந்தபுராண கலாசாரம் என்றார். அதைத் தாங்கிப் பிடித்தவர்கள் பட்டதாரிகள் அல்லர், கோயில் மண்டபத்தில் இருந்து படித்தவர்களும் பயன் சொன்னவர்களும்.

முறை இப்படி. ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார். மற்றவர் பொருள் சொல்வார். சொல்லைப் பிரிப்பார், பொருளை விரிப்பார், நடுவே ஊர்ப் புதினத்தைச் செருகுவார், முன்வரிசையில் இருக்கிற ஆளையே சாடையாகக் குத்துவார், சூரனுக்காகக் கொஞ்சம் பரிதாபப்படுவார். எதையும் செய்யலாம். பாட்டைத் தாண்டிப் போக மட்டும் முடியாது. ஒரு வரியை விழுங்கினால் பின்னால் பாக்கு இடித்துக்கொண்டிருக்கிற கிழவி, "தம்பி, ஒண்டை விட்டிட்டீர்" என்று சொல்லிவிடுவாள்.

அந்தச் சூரன் யார் என்று கந்தபுராணத்தில் கச்சியப்பர் சொல்வதைக் கவனித்திருக்கிறீர்களா? அவன் தலைநகரம் வீரமகேந்திரபுரம், கடலுக்கு நடுவே. வடக்கே இருக்கிற இலங்கை அவனுடைய காவல் அரண். யாளிமுகன் என்ற அசுரன் அதற்குப் பொறுப்பு. வீரபாகு தூது போகும்போது முதலில் இலங்கையில் சண்டை பிடித்துத்தான் அப்பால் போகிறார். அதாவது சூரன் ஒரு தீவான். அவனுடைய எல்லைக்குள்தான் நாங்கள் இருக்கிறோம். ஐப்பசி சட்டியில் விரதம் பிடித்து, ஆறாம் நாள் சூரனைத் தோளில் தூக்கி ஆட்டி, ஒவ்வொரு தலையாக மாற்றி, வெட்டி விழுத்தி, மாமரமாக்கிப் பிளந்து, அவன் சேவலும் மயிலுமாகி முருகனோடேயே சேர்ந்துகொண்டதைக் கண்டு கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து புட்டு சாப்பிடுகிறோம். தோற்றவன் வென்றவனின் கொடியிலும் வாகனத்திலும் நிரந்தரமாக ஏறிக்கொள்கிற முடிவை ஒரு நாவலாசிரியன் இன்று எழுதினால் அரசியல் விமர்சகர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் கல்லெறிவார்கள். கோயிலில் அதை வருடா வருடம் விரதமிருந்து நடத்துகிறார்கள்.

கத்தோலிக்கப் பக்கமும் இப்படித்தான். 1705இல் இலங்கைக்கு வந்த கோவாக் குருவானவர் யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கம், சுவிசேஷத்தை ஒரு தாயின் ஒப்பாரியாக மாற்றிய எழுத்து. அதைத் தபசு காலத்தில் இராகமிழுத்துப் பாடி அழுத சனங்கள் மறுபடைப்பு என்ற சொல்லைக் கேள்விப்பட்டதில்லை. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், கூத்தையும் நவீன மேடையையும் சேர்த்துத் திருப்பாடுகளின் நாடகங்களை யாழ்ப்பாணத்துக்குக் கொடுத்தது. அதைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் நெற்றியில் திருநீறு.

ஆகவே பயன் சொல்கிறவரோடு போட்டி போட வேண்டாம். அவர் கையில் மூலம் இருக்கிறது, உங்களிடம் மடிக்கணினிதான் இருக்கிறது.

வெளியீட்டு விழா

எழுதி முடித்துவிட்டீர்கள். மண்டபம் எடுத்தாயிற்று. அழைப்பிதழில் மங்கல விளக்கேற்றுவோர் பட்டியல் நூலைவிடச் சற்றுச் சுருக்கமாக இருக்கட்டும். ஐயர், சுவாமியார், பிக்கு, மௌலவி நால்வரையும் கூப்பிடுங்கள். நால்வரும் வந்துவிட்டால் யாராவது வழக்குப் போடும் வாய்ப்புக் குறைவு. வெளியீட்டுரை நிகழ்த்துகிறவருக்கு நூலை முதல்நாள் இரவு கொடுத்தால் போதும். நயப்புரைக்காரருக்குக் கொடுக்கவே தேவையில்லை. முதற்பிரதி வாங்குகிறவர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் நல்லது. கடித உறைக்குள் எவ்வளவு என்று மேடையில் பிரித்துப் பார்க்கக் கூடாது.

ஏற்புரைக்கு நீங்கள் எழும்பும்போது, பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கை உயர்த்துவார். "தம்பி, இது நடந்ததோ, இல்லாட்டி நீர் கட்டினதோ?" நடந்தது என்றால் ஆதாரம் கேட்பார். கட்டினது என்றால், சாமி கதையைக் கட்டுறதுக்கு நீர் ஆர் என்பார். "சேர், நீங்கள் மூலத்தை வாசிச்சனீங்களோ?" என்று மட்டும் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள், பத்தில் ஒரு தரம் வாசித்த வாத்தியார் ஒருவர் அகப்பட்டுவிடுவார், பிறகு இரவு எட்டு மணியானாலும் உங்களை விட மாட்டார். அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணியும் வடையும் உள்ளே வரும்படி பெடியளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.